இரண்டே கோடு போட்ட கடிகாரம்

“திருடனைப் பிடிக்கப் போற வழியில ரெண்டு பரோட்டா திங்கறது சட்டப்படி குத்தமுங்களாக்கா?” என்று கேட்டான் தனபால்.

“மூணாவது தின்னாத்தான் குத்தம்” என்றாள் கோமதி, கையிலிருந்த காகிதத்திலிருந்து தலையை எடுக்காமலே.

தனபால் மூன்றாவதை வாயில் போட்டுக்கொண்டான். பீர்மேடு கடைத்தெருவில் மழை விடவும் இல்லை, ஒழுங்காகப் பெய்யவும் இல்லை. விடியும் முன்பே பாலக்காட்டுக் கிழக்கிலிருந்து கிளம்பி, கம்பம் வழியாகக் குமுளி மலையேறி வந்ததில் அவனுக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பதே மறந்து போயிருந்தது. வாய் மட்டும் வழக்கம்போல நன்றாக இருந்தது.

கோமதி கொழிஞ்சாம்பாறையில் மாட்டுத்தீவனக் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்துபவள். காணாமல் போன எருமையிலிருந்து காணாமல் போன மாப்பிள்ளை வரை கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறாள். எருமைகள் நன்றியோடு இருந்தன என்பது தனபாலின் கருத்து. அவன் அவளுக்கு உதவியாளன், கார் ஓட்டுநர், கேட்காமலே கருத்துச் சொல்பவன், எல்லாம்.

ஆனால் இந்த முறை காணாமல் போனது ஒரு வார்த்தை.

மீனாட்சிபுரத்தில் பால் மாடு வைத்துப் பிழைக்கும் குடும்பத்துப் பெண் செல்வப்பிரியா. ‘பூவாத்தாளின் கால இயந்திரம்’ என்று குழந்தைகளுக்கு ஒரு கதைப் புத்தகம் எழுதியிருந்தாள். புத்தகம் வந்த ஒரு மாதத்தில் வக்கீல் நோட்டீஸ் வந்து நின்றது. ‘கால இயந்திரம்’ என்பது எங்கள் கட்சிக்காரரின் பதிவு செய்யப்பட்ட வணிகக்குறி, கதையிலோ புத்தகத்திலோ வேறு யாரும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்றது நோட்டீஸ். இணையத்தில் விற்றவர்கள் பயந்துபோய்ப் புத்தகத்தை எடுத்துவிட்டார்கள். பதிப்பகத்துக்காரரோ, மாதக் கடைசிக்குள் இந்த வில்லங்கம் தீராவிட்டால் அச்சடித்த அத்தனையையும் கூழாக்கிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். செல்வப்பிரியா அலுவலகத்துக்கு வந்து அழவில்லை. ‘நான் பெத்த மொதப் புள்ளைங்க அது’ என்று மட்டும் சொல்லிவிட்டு, மாலைப் பாலுக்கு நேரமாயிற்று என்று எழுந்து போய்விட்டாள். கோமதி அன்றைக்கே வழக்கை எடுத்துக்கொண்டாள்.

“எல்லாரும் சொல்ற வார்த்தைங்க்கா இது!” தனபால் டீயை உறிஞ்சினான். “இன்னிக்கு ஒருத்தன் கால இயந்திரம் எனக்குங்கறான். நாளைக்கு இன்னொருத்தன் விண்கலம் எனக்கு, வேற்றுக்கிரகம் எனக்குன்னு பட்டா வாங்கிருவான். நான் முந்திக்கிட்டு பரோட்டாவ ரிஜிஸ்டர் பண்ணிடறேனுங்க.”

“வழக்குப் போட்டா நாமதான் ஜெயிப்போம்னு நம்ம வக்கீலும் சொல்றார். ஆனா வருசக்கணக்காகும். அதுக்குள்ள புக்கு கூழாயிரும். நமக்கு ரெண்டே வழி. ஒண்ணு, அந்தாளே விட்டுக்குடுக்கணும். இல்லைன்னா, அவனுக்கு முன்னாடியே செல்வப்பிரியா அந்த வார்த்தைய வெச்சுக் கதை சொன்னான்னு வணிகக்குறி ஆபீஸ்ல காட்டணும்.”

“சொன்னது எருமைக்குத்தான் தெரியுமுங்க.”

அதுவும் உண்மைதான். கொரோனா அடைப்புக் காலத்தில், அண்ணன் பிள்ளைகளுக்காகச் செல்வப்பிரியா வாட்ஸப்பில் தன் குரலிலேயே கதை சொல்லி அனுப்பியிருந்தாள். அது கைமாறிக் கைமாறி எங்கெங்கோ போயிற்று. பிறகு ஒரு நாள் அவள் போன் கழனித்தண்ணித் தொட்டியில் விழுந்தது. எருமை குடித்து முடித்த பிறகுதான் ஆட்கள் பார்த்தார்கள். போனோடு நம்பரும் போயிற்று, கதைகளும் போயின. வாங்கிக் கேட்டவர்களோ அன்றைக்கே அழித்துவிட்டிருந்தார்கள்.

கோமதி கையிலிருந்த காகிதத்தை அவன் பக்கம் திருப்பினாள். எதிராளி பதிவு செய்திருந்த சின்னம் அது. பானை மாதிரி ஒரு இயந்திரம், நடுவில் வட்டமாக ஒரு கடிகாரம்.

“என்ன தெரியுது?”

“வரைஞ்சவனுக்குப் படம் வராதுன்னு தெரியுது.”

“கடிகாரத்தைப் பாரு. பன்னெண்டு கோடு எங்க?”

தனபால் குனிந்து பார்த்தான். கடிகாரத்தில் இரண்டே கோடுகள். ஒன்றின் பக்கத்தில் பாதிச் சூரியன் ஏறிக்கொண்டிருந்தது. இன்னொன்றின் பக்கத்தில் பாதிச் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது.

“நம்மூர்ல எப்பவுமே ரெண்டு நேரந்தான் தனபாலு. காலைப் பால், மாலைப் பால். கல்யாணமானாலும் எழவானாலும் சொசைட்டிக்குப் பால் ஊத்தற நேரத்தை ஒதுக்கிட்டுத்தான் மத்ததெல்லாம். செல்வப்பிரியா கதையிலயும் அப்படித்தான். பூவாத்தா பால் கேனைத்தான் மிசினாக்கி வெச்சிருக்கறா. அது பால் ஊத்தற ரெண்டு நேரத்துல மட்டுந்தான் ஓடும்.”

தனபால் மறுபடி படத்தைப் பார்த்தான். பானை என்று அவன் நினைத்ததற்கு இரண்டு பக்கமும் கைப்பிடி இருந்தது. மேலே குடை மாதிரி மூடி இருந்தது. தினமும் காலையில் பார்க்கும் பால் கேன்.

“புக்கு வர்றதுக்கு ரெண்டு வருசம் முந்தியே இந்தப் படம் பதிவாயிருக்குது” என்றாள் கோமதி. “வரைஞ்சவங்க யாரோ, அவங்க செல்வப்பிரியா சொன்ன கதைய அவ குரல்லயே கேட்டிருக்கறாங்க. அந்தக் குரல் எங்கயோ இன்னும் இருக்குது.”

“அப்ப திருட்டுத்தானுங்க!” தனபாலுக்கு உற்சாகம் பிறந்தது. “பேரு பெரியமுத்து, முகவரி எஸ்டேட் லயம், கூலிக்காரங்க இருக்கற வரிசை வீடு. லயத்துல இருக்கறவனுக்கு வணிகக்குறி எதுக்குங்க? எவனோ பெரிய கம்பெனிக்காரன் பினாமிங்க்கா.”

லயத்துக்குப் போகும் பாதை மழையில் அரித்துப் போயிருந்தது. கார் ஏறாது என்றார்கள். முக்கில் நின்றிருந்த ஜீப் ஒன்றில் ஏறினார்கள். ஓட்டுநருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. காதை மூடித் துண்டு கட்டியிருந்தார்.

“பெரியமுத்துங்கறவர் லயத்துக்குப் போகணுமுங்க. தெரியுமுங்களா?”

“தெரியும். ஏறுங்க” என்றார் அவர்.

ஜீப் குலுங்கிக் குலுங்கி ஏறியது. தேயிலைச் சரிவுகளில் படுதா போர்த்திய பெண்கள் குனிந்து நின்றார்கள். தனபாலுக்கு வாய் சும்மா இருக்குமா?

“ஆளு எப்படிங்க, அந்தப் பெரியமுத்து?”

“சாதாரண ஆளுதான்.”

“நீங்க வெள்ளந்தியா இருக்கறீங்க. ஊரே சொல்ற வார்த்தையத் தனக்குன்னு எழுதி வாங்கி வெச்சிருக்கற ஆளுங்க அவரு. கதை எழுதற பொம்பளப்புள்ளை வயித்துல அடிக்கறாரு. இந்தப் பொழப்புக்கு வழிப்பறி பண்ணலாமுங்க, அதுலயாவது கொஞ்சம் ஓடணும்.”

ஓட்டுநர் கியரை மாற்றினார். அந்த நேரம் பார்த்து எங்கோ கீழிருந்து நீளமாகச் சங்கு ஊதியது.

“இது எதுக்குங்க ஊதறாங்க?” என்று கேட்டாள் கோமதி.

“சாப்பாட்டுக்கு. காலையில ஆள் சேருற பெரட்டுக்கு ஒண்ணு ஊதும். கொழுந்து நிறுக்க ஒண்ணு, சோலி முடிய ஒண்ணு. இங்க நேரமெல்லாம் சங்குதான்.”

கோமதி தனபாலைத் திரும்பிப் பார்த்தாள். இந்த மலையில் பிறந்து வளர்ந்த யாரும் ஒரு நாளை இரண்டே கோட்டில் அடக்க மாட்டார்கள் என்று அந்தப் பார்வை சொன்னது. அவள் பார்வையில் இன்னொன்றும் இருந்தது, வாயை மூடு என்பது. அவனுக்கு அது பிந்தித்தான் புரிந்தது.

லயத்து வரிசையின் கடைசி வீட்டு வாசலில் ஜீப் நின்றது. இறங்கிப் பின்பக்கமாக வந்த தனபால் அப்படியே நின்றுவிட்டான். ஜீப்பின் உபரிச் சக்கரத்துக்கு உறை போட்டிருந்தது. உறையில் பால் கேன் ஒன்று வரைந்திருந்தது. அதன் நடுவில் இரண்டு கோடு போட்ட கடிகாரம்.

“உள்ள வாங்க” என்றார் ஓட்டுநர், துண்டை அவிழ்த்து உதறியபடி. “நான்தான் பெரியமுத்து.”

தனபாலுக்கு அந்த மூன்றாவது பரோட்டா நெஞ்சிலேயே நின்றது.

ஒரே அறை, பின்னால் அடுக்களை. சுவரில் பத்து வயதுப் பெண் ஒருத்தியின் படம் மாலையோடு இருந்தது. அதன் கீழே மெழுகுக் குச்சியில் வரைந்த கால இயந்திரத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். பினாமியும் இல்லை, கம்பெனியும் இல்லை என்று தனபாலுக்கு அந்த நிமிடமே தெரிந்துபோயிற்று. தெரிந்ததும் ஊருக்கு ஓடிவிடலாமா என்று இருந்தது.

“எம் மக இந்து” என்றார் பெரியமுத்து. “ரத்தத்துல நோவு. ஊரடங்கு நேரம், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா அலைஞ்சோம். படுத்த படுக்கையா கிடக்கும்போது ஒருநாள் கூப்பிட்டா. அப்பா, நான் ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கேன், பேரு கால இயந்திரம், அதுல ஏறி எனக்கு மேலுக்கு முடியாமப் போனதுக்கு முந்துன நாளுக்குப் போயிருவோம்னா. நானும் வண்டி ஓட்டத் தயார்னேன்.”

அவர் மனைவி வேலுத்தாய் டம்ளர்களில் பால் விடாத கட்டன்சாயா கொண்டுவந்து வைத்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

“அவ போன பெறவு ஒருநாள் கட்டப்பனையில ஜிபி வக்கீல, அதான் சர்க்கார் வக்கீல, ஜீப்புல ஏத்திட்டுப் போனேன். ஒரு பேர நம்மதுன்னு வச்சிக்கிட வழி உண்டான்னு கேட்டேன். மனு எழுதி அபேட்சை குடுக்கலாம்னாரு. அவ பேருக்கு எழுத முடியாதாம், அதான் எம் பேருக்கு எழுதினேன். படமும் பேருமாச் சேத்துக் குடுத்தோம். எப்படியோ கிடைச்சிருச்சு.”

“இந்த வார்த்தை உலகம் பூரா இருக்குதுங்க” என்றாள் கோமதி மெதுவாக.

“வக்கீலும் அதான் சொன்னாரு. இங்கிலீசுல இருக்கு, அதுல இருக்கு, இதுல இருக்குன்னு. இருந்துட்டுப் போகட்டும். எனக்கு அவ வாயில கேட்ட வார்த்தைங்க அது. வேற யாரு சொன்னாலும் அவ சாமான எடுத்து விளையாடுற மாதிரி இருக்கு. தாங்கல. அந்தப் பேர்ல புத்தகம் வந்திருக்குன்னு கேட்டதும் நோட்டீசு விடச் சொன்னேன்.”

தனபால் கட்டன்சாயாவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். வழிப்பறி என்று சொன்ன நாக்கைப் பிடுங்கி எறிய முடிந்தால் எறிந்திருப்பான்.

“கடிகாரத்துல எதுக்குங்க ரெண்டே கோடு?” என்று கேட்டாள் கோமதி.

“அது எனக்கும் தெரியாது. கேக்குறதுக்குள்ள போயிட்டா.”

கேள்வி கணவனுக்குப் போனது. ஆனால் திடுக்கிட்டவள் மனைவி. ஒரு கணம் அவள் கண் அடுக்களை மூலையிலிருந்த அரிசி டின்னுக்குப் போய்விட்டுத் திரும்பியது. அடுத்த கணம் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கோமதி, கை கழுவ வேண்டும் என்று சொல்லி அவள் பின்னாலேயே போனாள். தனபாலும் எழுந்து அடுக்களை வாசலில் நின்றான்.

கோமதி தன் போனை எடுத்து எதையோ தட்டினாள். செல்வப்பிரியாவின் குரல் வந்தது. “வணக்கமுங்க கோமதியக்கா, நான் மீனாட்சிபுரத்துல இருந்து...”

வேலுத்தாய் பாய்ந்து போனைக் கையால் பொத்தினாள். “சத்தத்தக் கொறைங்க! அவருக்குக் கேட்டுரும்!”

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. அப்படியே அடுப்புத் திட்டில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“இந்தக் குரல உங்களுக்குத் தெரியுது” என்றாள் கோமதி.

“தெரியாமலா? தெனமும் கேட்ட குரலாச்சே.” வேலுத்தாய் அரிசி டின்னுக்குள் கையை விட்டு, பிளாஸ்டிக் பையில் சுற்றிய பழைய போன் ஒன்றை எடுத்தாள். “பள்ளிக்கூட டீச்சரு அனுப்பினாங்க, கதை சொல்ற அக்கா நம்பரையும் வாங்கிக் குடுத்தாங்க. அவரு ஜீப்புல போயிருவாரு. நாங்க ரெண்டு பேரும் தலமாட்டுல வச்சிக் கேப்போம். பூவாத்தா கதை வந்தா அந்தப் புள்ளைக்கு நோவே தெரியாது. வயித்தப் பிடிச்சிக்கிட்டுச் சிரிப்பா. இப்பவும் கொழுந்துக் காட்டுல ஒத்தையில நிக்கும்போது நான் கேப்பேன்.”

“அவர்கிட்டச் சொல்லலீங்களா?”

“எப்படிச் சொல்ல? எம் மக கண்டுபிடிச்சா, எம் மக கண்டுபிடிச்சான்னு அந்த ஒரு வார்த்தையப் பிடிச்சிக்கிட்டுத்தான் எந்திரிச்சு நடக்காரு. அதையும் பிடுங்கச் சொல்லுதீங்களா?”

தேடி வந்த சாட்சி ஒரு முழம் தூரத்தில் இருந்தது. கை நீட்டினால் செல்வப்பிரியாவின் புத்தகம் பிழைக்கும். கோமதி கை நீட்டவில்லை. அவள் கண் கலங்கித் தனபால் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“நோட்டீஸ் போனது இந்தக் கதை சொன்ன பொண்ணுக்குத்தானுங்க” என்றாள். “அவ புக்கைத்தான் கூழாக்கப் போறாங்க.”

வேலுத்தாய் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். “அய்யோ” என்றாள்.

“யாரு புக்கு?”

தனபாலின் தோளுக்குப் பின்னால் பெரியமுத்து நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. அவர் மனைவியின் கையைப் பார்த்தார். “அது பாப்பா போனு இல்லியா? கெட்டுப் போச்சுன்னு சொன்னியே வேலு.”

வேலுத்தாய் போனோடு எழுந்தாள்.

“இங்க வந்து உக்காருங்க. உங்க மக பேசினது ஒண்ணு இருக்கு. கோவப்படக் கூடாது.”

போனில் விரலை வைத்தாள். முதலில் இரைச்சல் வந்தது. பிறகு இருமல். பிறகு ஒரு சின்னப் பெண்ணின் குரல்.

“அக்கா, நான் இந்து பேசுதேன், பீர்மேட்டுல இருந்து. பூவாத்தா திரும்பி வந்தாளா இல்லியா? மீதிக் கதைய சீக்கிரம் போடுங்க. நாளைக்கு என்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாங்க, அதுக்குள்ள போடுங்க.” குரல் தணிந்து ரகசியமாயிற்று. “அப்புறம் அக்கா, அந்த மிசின நான்தான் கண்டுபிடிச்சேன்னு எங்க அப்பாகிட்டச் சொல்லிட்டேன். அவரு நம்பிட்டாரு! ஜீப்புல ஏறுறவங்ககிட்ட எல்லாம் சொல்லுதாராம். நீங்க சொல்லிராதீங்க, என்ன?” கிளுக்கென்று ஒரு சிரிப்பு. அதோடு முடிந்தது.

அந்தச் செய்தியின் ஓரத்தில் ஒரே ஒரு டிக் நின்றது. இரண்டாவது விழவே இல்லை. அன்றைக்குள் செல்வப்பிரியாவின் போன் தொட்டியில் மூழ்கிவிட்டிருந்தது என்று தனபாலுக்குப் புரிந்தது. கதைக்காகக் காத்திருந்தவள் இங்கே காத்திருந்தபடியே போய்விட்டாள். கேட்க இப்படி ஒருத்தி இருந்தது அங்கே செல்வப்பிரியாவுக்குத் தெரியவே தெரியாது.

“இன்னொருக்கப் போடு” என்றார் பெரியமுத்து.

போட்டாள். மூன்றாவது முறையும் போட்டாள். “கள்ளி” என்றார் அவர். சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்து, தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு அழுதார். வேலுத்தாய் அவர் முதுகைப் பிடித்துக்கொண்டாள். யாரும் யாரையும் தேற்றவில்லை.

வெகு நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். “இத ஆபீஸ்ல போட்டுக் காட்டுவீங்களா?”

கோமதி பொய் சொல்லவில்லை. “நீங்க விட்டுக்குடுக்கலைன்னா காட்டித்தானுங்க ஆகணும். நான் அந்தப் பொண்ணுக்காக வந்தவ.”

“வேண்டாம்மா. சொல்லிராதீங்கன்னு சொல்லுதாள்ல.” அவர் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார். “நானே எழுதிக் குடுக்கேன். நாளைக்கே கட்டப்பனைக்குப் போறேன். வார்த்தைய அந்தப் பொண்ணே வச்சிக்கிடட்டும், ஊரே வச்சிக்கிடட்டும். எம் மக பொய் சொன்னான்னு மட்டும் ஒரு ஆபீஸ்லயும் கேக்க வேண்டாம்.”

“அந்தப் பொண்ணு காரணம் கேட்டா என்னங்க சொல்ல?”

“மனசு மாறிட்டேன்னு சொல்லுங்க.”

திரும்பும்போதும் அவரே ஜீப் ஓட்டினார். முக்கில் இறங்கியதும் தனபால் அவர் முன்னால் போய் நின்றான். “அண்ணா, போகும்போது நான் பேசினது...”

“விடுங்க தம்பி. மழை எரைச்சல்ல ஒண்ணும் காதுல விழல” என்றார் பெரியமுத்து.

வண்டியைத் திருப்பப் போனவர் நிறுத்திவிட்டுக் கோமதியைக் கூப்பிட்டார். “அந்தக் கதையில அந்தப் புள்ள திரும்பி வந்துச்சாம்மா?”

கோமதி பைக்குள் கையை விட்டாள். சாட்சிக்காக, படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, அவள் கொண்டுவந்திருந்த புத்தகம். அதை அவர் மடியில் வைத்தாள். “கடைசிப் பக்கத்துல இருக்குதுங்க. ரெண்டு பேரும் சேந்து படிங்க.”

கார் குமுளி இறக்கத்தைத் தாண்டியதும்தான் அவள் செல்வப்பிரியாவை அழைத்தாள். ஸ்பீக்கரில் மாடு கத்தும் சத்தம் முதலில் வந்தது, பிறகு செல்வப்பிரியா.

“அந்தாளு விட்டுக்குடுத்துட்டாரு. எழுதியே குடுக்கறேன்னுட்டாரு. உன் புக்கு பொழைச்சுது கண்ணு.”

அந்தப் பக்கம் அழுகையும் சிரிப்புமாக என்னென்னவோ கேட்டது. “எப்படிங்க்கா? அவ்வளவு வீம்பா இருந்தவரு?”

“மனசு மாறிட்டாரு.”

“நல்லா இருக்கட்டுமுங்க. அவங்க ஊட்டுல குழந்தைங்க இருக்குதுங்களா? இருந்தா என் பேரைச் சொல்லி ஒரு புக்கு குடுத்துட்டு வந்திருக்கலாமில்லீங்க?”

கோமதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“குடுத்துட்டுத்தான் வந்தேன்” என்றாள்.

போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். பக்கத்தில் தனபால் வாயைத் திறந்தான். எந்த வழக்கு முடிந்தாலும் கடைசி வார்த்தை அவனுடையதாகத்தான் இருக்கும். இன்றைக்கு ஒன்றும் வரவில்லை. வைப்பரை வேகமாக ஓடவிட்டு, கம்பம் போகும் பாதையைப் பார்த்து ஓட்டிக்கொண்டே இருந்தான்.